இல்லினாயின் கெய்ரோ: இரண்டு பேராறுகள் கூடும் இடத்தில் இருந்தும் ஊர் ஏன் காலியானது?

கேள்வி இது: அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத் தென்கோடியில் உள்ள கெய்ரோ நகரின் புவியியல் எப்படிப்பட்டது, மக்கள்தொகை ஏன் இப்படிச் சரிந்தது, இணையதளத்துக்கு இணையதளம் மக்கள்தொகை எண்கள் ஏன் மாறுகின்றன?

முதலில் நேரடிப் பதில். 2020 கணக்கெடுப்பில் அங்கே 1,733 பேர். உச்சத்தில், 1920-ல், 15,203 பேர். நூறு வருடத்தில் பத்தில் ஒன்பது பேர் இல்லாமல் போயிருக்கிறார்கள். வெள்ளம்தான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது பாதிகூட உண்மையில்லை. வெள்ளத்தைத் தாங்கும் கரை அந்த ஊருக்கு இருக்கிறது. படகிலிருந்து ரயிலுக்கு மாற அங்கே இறங்கி ஏற வேண்டிய அவசியம்தான் இல்லாமல் போனது. கடைசிப் பத்து வருடச் சரிவுக்கு மட்டும் வேறு கதை உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

இடத்தைப் பார்ப்போம். ஒஹாயோ ஆறு பிட்ஸ்பர்க்கில் தொடங்கி 981 மைல் ஓடி, மிசிசிப்பியில் விழும் கூடுதுறை இது. மேற்கே மிசிசிப்பி, அதைத் தாண்டினால் மிசௌரி மாநிலம். கிழக்கே ஒஹாயோ, அதைத் தாண்டினால் கென்டக்கி. நடுவில் ஆப்பு மாதிரி கூர்ந்து இறங்கும் நிலத்தில்தான் ஊர். மேல் மிசிசிப்பியில் படகுக்காரர்கள் மைல் எண்ணுவது இந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துத்தான். கூடுமிடத்தில் சராசரியாக அதிக நீர் கொண்டு வருவது ஒஹாயோ, ஆனால் பெயரைத் தக்கவைத்துக்கொண்டது மிசிசிப்பி. முனையில் ஃபோர்ட் டிஃபயன்ஸ் பூங்கா இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1861-ல் வடமாநிலத் தளபதி கிராண்ட் தன் படையை வைத்திருந்த இடம். அங்கே நின்றால் இரு நிற நீரும் சற்றுத் தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது தெரியும். மிசிசிப்பி பக்கம் சேற்றுப் பழுப்பு கூடுதல்.

இல்லினாய் என்றதும் சிகாகோ குளிர் நினைவுக்கு வரும். இங்கே அந்தக் கணக்கு செல்லாது. கெய்ரோ ஏறக்குறைய 37 டிகிரி வடக்கில் இருக்கிறது, தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராக இருந்த ரிச்மண்டுக்கும் தெற்கே. நேர்கோட்டில் அளந்தால் சிகாகோவைவிட மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன் கிட்டே. புழுக்கமான நீண்ட கோடை, மிதமான குளிர்காலம். நிலமும் வேறு: மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வடக்கே நீண்டு வரும் வண்டல் சமவெளியின் தலைப்பகுதி இது. மேலே களிமண் படலம், அதற்கடியில் ஆழமான மணல். இந்த இரண்டு அடுக்கை நினைவில் வையுங்கள், கரை விஷயத்துக்கு அதுதான் சாவி. போதாக்குறைக்கு 1811-12-ல் பெரும் நிலநடுக்கங்களைக் கண்ட நியூ மாட்ரிட் மண்டலமும் பக்கத்திலேயே.

உயரக் கணக்கு. ஊர்த் தரை கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 315 அடி. முனையில் ஆற்றோரம் 279 அடி, அதுதான் மாநிலத்திலேயே தாழ்ந்த இடம். கெய்ரோ ஆற்று அளவுகோலின் பூஜ்யம் சுமார் 270 அடியில் இருக்கிறது. ஆகவே செய்தியில் 'கெய்ரோவில் 45 அடி' என்று வந்தால் ஆற்று மட்டமும் தெருவும் ஏறக்குறைய சமம் என்று பொருள். வெள்ள எச்சரிக்கை மட்டம் 40 அடி. மதிலும் கரையும் காப்பது 64 அடி வரை. அளவுகோலின் எண்ணை நீரின் ஆழம் என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. அது குறித்த புள்ளியிலிருந்து அளக்கும் உயரம் மட்டுமே.

ஊரைச் சுற்றி எல்லாப் பக்கமும் மண்கரை, ஒஹாயோ பக்கம் காங்கிரீட் மதில். வடக்கே நெடுஞ்சாலை கரைக்கடியில் நுழையும் இடத்தில் பிரம்மாண்டமான இரும்புக் கதவு மேலே தொங்குகிறது. அகலம் சுமார் 60 அடி. அதை இறக்கினால் ஊர் தீவு. ஊரே ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வெளியே இருக்கும் நீர் உள்ளே வராது, அதே சமயம் உள்ளே பெய்யும் மழை தானாக வெளியேயும் போகாது. ஆறு தாழ்ந்திருக்கும்போது வடிகால் வழியே வடிந்துவிடும். ஆறு ஏறிவிட்டால் வடிகால் மதகை மூடியாக வேண்டும், இல்லையென்றால் ஆறு பின்வாசல் வழியாக உள்ளே வரும். மூடிய பிறகு ஒவ்வொரு சொட்டையும் பம்ப் வைத்துத்தான் தள்ள வேண்டும். வெள்ள நாளில் பெரிய மழையும் சேர்ந்தால் கரை உடையாமலேயே தெருக்களில் தண்ணீர் நிற்கும்.

கரை மேல் வழிவதைவிட ஆபத்தானது கரைக்கு அடியில் நடப்பது. வெளியே ஆறு 15 அடி உயர்ந்து நிற்கும்போது அந்த அழுத்தம் கீழே உள்ள மணல் அடுக்கு வழியே ஊருக்குள் பாய்கிறது. மேல் களிமண் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பொத்துக்கொண்டு நீர் கொப்பளிக்கும். இதை மணல் ஊற்று என்று சொல்லலாம். வரும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். மணலோடு கலங்கி வந்தால் கரையின் அடித்தளம் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். அதை அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் பொத்தும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டையை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர் மட்டத்தை ஏறவிடுவார்கள். உள்ளே நிற்கும் நீரின் எடை வெளியழுத்தத்தை ஓரளவு சமன் செய்யும், மணல் வருவது நிற்கும். தெளிந்த நீர் மட்டும் வழிந்தோட ஒரு வாய் விட்டுவைப்பார்கள். 2011-ல் கெய்ரோவில் இப்படிப் பெரிய ஊற்றுகள் கிளம்பியபோதுதான் பொறியாளர்கள் உண்மையில் கலங்கினார்கள்.

அந்த ஆண்டு மே 2 அன்று ஆறு 61.72 அடியைத் தொட்டது. அதற்கு முந்தைய சாதனை 1937-ன் 59.5 அடி. அன்றிரவு ராணுவப் பொறியாளர் படை எதிர்க்கரையில், மிசௌரியின் பேர்ட்ஸ் பாயின்ட்டில், கரைக்குள் பதித்திருந்த குழாய்களில் திரவ வெடிமருந்தை நிரப்பித் தகர்த்தது. முன்கரைக்கும் பின்கரைக்கும் நடுவே இதற்காகவே 1928 சட்டப்படி ஒதுக்கிய 1,30,000 ஏக்கர் நிலத்தில் ஆறு பாய்ந்தது. மட்டம் இறங்கியது, கெய்ரோ தப்பியது. விலை கொடுத்தது எதிர்க்கரை: விளைநிலங்களும், பின்ஹுக் என்ற சிறிய கறுப்பின விவசாயிகளின் கிராமமும் மூழ்கின. அந்த வெள்ள வழி அதற்கு முன் திறக்கப்பட்டது 1937-ல் மட்டும்தான்.

இனி மக்கள்தொகை. 1850-ல் 242 பேர். 1860-ல் 2,188. 1900-ல் 12,566. 1920-ல் உச்சம். 1940-லும் 14,407 பேர் இருந்தார்கள், எனவே 1937 வெள்ளம் ஊரைக் காலி செய்யவில்லை என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது. பிறகு 1960-ல் 9,348, 1970-ல் 6,277. சரிவின் பெரும்பங்கு இந்த முப்பது வருடத்தில்தான். 1980-ல் 5,931, 2000-ல் 3,632, 2010-ல் 2,831.

ஊர் எதனால் வாழ்ந்தது என்று பார்த்தால் ஏன் தேய்ந்தது என்பது புரியும். நீராவிப் படகிலிருந்து ரயிலுக்கு, ரயிலிலிருந்து ஆறு கடக்கும் பெரும் படகுக்கு என்று சரக்கும் ஆட்களும் மாறிய இடம் அது. மாறும் இடத்தில்தான் கூலி வேலை, கிடங்கு, ஹோட்டல், வங்கி எல்லாம். 1889-ல் ஒஹாயோ மேல் ரயில் பாலம் வந்தது, பெட்டிகளைப் படகில் ஏற்றும் வேலை போனது. உடனே ஊர் சாயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ரயில் சந்திப்பாகவும் மரத் தொழில் ஊராகவும் இன்னும் முப்பது வருடம் வளர்ந்தது. 1905-ல் வடக்கே தீப்ஸில் மிசிசிப்பி ரயில் பாலம் திறந்து மேற்குச் சரக்கில் ஒரு பங்கை இழுத்துக்கொண்டது. 1929-ல் மிசிசிப்பிக்கும், 1930-களின் இறுதியில் ஒஹாயோவுக்கும் சாலைப் பாலங்கள். அவற்றால் வண்டிகளாவது ஊர் வழியே போயின. 1978-ல் இன்டர்ஸ்டேட் 57 என்ற நெடுஞ்சாலையின் பாலம் ஊருக்கு வடமேற்கே ஆற்றைக் கடந்தபோது அதுவும் நின்றது. இன்றும் கூடுதுறையில் பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகுகளின் வரிசைகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கின்றன, ஆனால் அவை ஊரில் வாங்குவது சொற்பம்.

இதோடு இனப்பிரச்சினை. 1967-ல் காவலில் இருந்த இளம் கறுப்பின ராணுவ வீரர் ஒருவர் இறந்ததை ஒட்டிக் கலவரம். 1969 முதல், கறுப்பினத்தவருக்கும் வேலை கொடுங்கள் என்று யுனைடெட் ஃப்ரன்ட் அமைப்பு கடைகளைப் புறக்கணிக்க அழைத்தது. வேலை கொடுப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று பல உரிமையாளர்கள் முடிவெடுத்தார்கள். ஏற்கெனவே வேலை குறைந்துகொண்டிருந்த ஊரில் கடைத்தெருவும் போனது இப்படித்தான். 1986-ல் மருத்துவமனை மூடியது. 2010 கணக்கில் மக்களில் சுமார் 70 சதவீதம் கறுப்பினத்தவர்.

கடைசிச் சரிவு தனி ரகம். 2010-க்கும் 2020-க்கும் இடையே 1,098 பேர், அதாவது 39 சதவீதம் குறைவு. இதில் ஒரு பெரும்பங்கு நிர்வாக முடிவால் வந்தது. உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் சீர்கெட்டதால் 2016-ல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை அதைத் தன் கையில் எடுத்தது. எல்ம்வுட், மக்பிரைட் என்ற இரண்டு பொதுக் குடியிருப்புகளும் வசிக்கத் தகுதியற்றவை என்று 2017-ல் அறிவித்தது. சுமார் 400 பேர் வெளியேற வேண்டியதாயிற்று. கையில் வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள், ஆனால் அதைக் கொடுத்துக் குடியேற ஊருக்குள் வாடகை வீடு இல்லை. பலரும் ஆறு தாண்டி கேப் ஜிராடோ, படுகா பக்கம் போக நேர்ந்தது. இரண்டும் அரை மணி, முக்கால் மணிப் பயணம்தான், ஆனால் வேறு மாநிலம். பள்ளி, மருத்துவ உதவி அட்டை எல்லாமே மாற்ற வேண்டும், திரும்பி வருவது அரிது.

கவுண்டி, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, அந்த அளவிலும் இதே கதை. கெய்ரோ தலைமையிடமாக உள்ள அலெக்சாண்டர் கவுண்டி 8,238-லிருந்து 5,240-க்கு இறங்கியது. 36.4 சதவீதம். அந்தப் பத்தாண்டில் நாட்டிலேயே விகிதத்தில் அதிகம் இழந்த கவுண்டி அதுதான். இதில் அந்தக் கவுண்டியில் இருந்த டாம்ஸ் சிறையும் ஒரு காரணம். அமெரிக்கக் கணக்கெடுப்பு கைதிகளை அடைபட்டிருக்கும் இடத்திலேயே எண்ணும். 2013 தொடக்கத்தில் அந்தச் சிறை மூடியதும் கைதிகள் கணக்கிலிருந்து போனார்கள், காவலர் வேலையும் போனது.

எண்கள் ஏன் மாறுகின்றன என்ற பகுதிக்கு வருவோம். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பீரோவின் தரவுத் தளத்தில் தேடும்போது 'கெய்ரோ சிட்டி, இல்லினாய்' என்ற இட வகையை எடுங்கள். ஜார்ஜியா மாநிலத்திலும் ஒரு கெய்ரோ உண்டு, அது இதைவிடப் பல மடங்கு பெரியது, தவறுதலாக அதன் பக்கம் திறந்துவிடும். 62914 என்ற அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடினால் கரைக்கு வெளியே உள்ள ஃபியூச்சர் சிட்டி போன்ற குடியிருப்புகளும் சேர்ந்து வரும், எண் கூடும். அதே துறையின் 'குவிக்ஃபேக்ட்ஸ்' என்ற சுருக்கப் புள்ளிவிவரப் பக்கத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், 5,000 பேருக்குக் குறைந்த ஊர்கள் அதில் இல்லை.

வருமானம், வயது, காலி வீடு போன்றவை ஐந்தாண்டு மாதிரிக் கணக்கெடுப்பில்தான் கிடைக்கும். ஓராண்டுத் தரவு 65,000 பேருக்கு மேற்பட்ட இடங்களுக்கே. இவ்வளவு சிறிய ஊரில் பிழை வரம்பு மிகப் பெரிது, அட்டவணையில் அந்த வரம்பு உள்ள கட்டத்தைப் படிக்காமல் சராசரி வருமானம் ஏறியது, இறங்கியது என்று எழுதாதீர்கள். தவிர, ஐந்தாண்டுத் தொகுப்பு ஒன்றோடு ஒன்று மேற்படியும். 2015-19-ஐ 2016-20-உடன் ஒப்பிடுவதில் பயனில்லை, 2010-14-ஐ 2015-19-உடன் ஒப்பிடலாம்.

ஆண்டு மதிப்பீடுகளில் இன்னொரு பொறி. கவுண்டி மதிப்பீட்டை வீடுகளின் எண்ணிக்கையை வைத்து ஊர்களுக்குப் பங்கிடுகிறார்கள். மொத்தக் குடியிருப்பும் சில மாதங்களில் காலியாகும் ஊரில் அந்த முறை தடுமாறும். அதோடு ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பிறகும் அடித்தளம் புதிதாகிறது. 2019 மதிப்பீட்டையும் 2021 மதிப்பீட்டையும் ஒரே வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால் இல்லாத பள்ளம் ஒன்று தெரியும். தெருவளவு 2020 எண்களில் தனியுரிமைக்காக வேண்டுமென்றே சிறு மாற்றம் செய்திருக்கிறார்கள், யாருமில்லாத தெருப் பகுதியில் ஆள் இருப்பதாகக் காட்டலாம். ஊர் மொத்தத்துக்கு மேல் நுணுகிப் பார்க்க வேண்டாம்.

அடர்த்தி கணக்கிட்டால் தரைப் பரப்பை மட்டும் எடுங்கள், சுமார் 7 சதுர மைல். நகர எல்லைக்குள் ஆறும் வருவதால் மொத்தப் பரப்பால் வகுத்தால் எண் குறைந்துவிடும். தரைக் கணக்கில் சதுர மைலுக்கு ஏறக்குறைய 250 பேர்.

இது கிராமமா நகரமா? இல்லினாயில் 'சிட்டி' என்பது சட்ட அந்தஸ்து, ஆள் குறைந்தால் தானாகப் போகாது. சென்சஸின் 2020 வரையறையில் நகர்ப்புறம் என்றால் 5,000 பேர் அல்லது 2,000 வீடுகள் வேண்டும், ஆகவே இது கிராமப்புறம். வேடிக்கை என்னவென்றால் 2010-களில் இந்தக் கவுண்டியைக் கேப் ஜிராடோ பெருநகரப் பகுதியில் சேர்த்திருந்தார்கள். 'பெருநகரம் அல்லாத கவுண்டி' என்று வடிகட்டிய எந்தப் பட்டியலிலும் அப்போதைய கெய்ரோ சிக்காது. கிராமப்புற மருத்துவம், கடன் உதவி பற்றிய தரவை எடுப்பவர்கள் எந்த வரையறையால் வடிகட்டப்பட்டது என்பதைக் கோப்பைத் திறந்ததும் முதலில் பாருங்கள்.