நெருக்கமான குடியிருப்பில் தீ அபாயம்: கேள்வி பதில்

கேள்வி: சார், வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெருவில் ஆபத்து எவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது?

பதில்: எங்கே பற்றும், எப்படித் தாவும், ஆட்கள் எப்படி வெளியே வருவார்கள் என்று பிரித்துப் பாருங்கள். எல்லோரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். நெரிசலான இடத்தில் தெருவையே தின்பது இரண்டாவதுதான். எதிரும் புதிருமாக இருக்கும் சன்னல்களைக் கவனியுங்கள். ஒரு அறை முழுக்கப் பற்றிவிட்டால், தீநாக்கு தொடாமலேயே சன்னல் வழியாக வரும் அனல் எதிர்வீட்டைக் கொளுத்தும். சதுர மீட்டருக்குச் சுமார் 12.5 கிலோவாட் அனல் விழுந்துகொண்டே இருந்தால், ஒரு பொறி பட்டாலே மரம் பற்றும் என்று வைத்துத்தான் கட்டட இடைவெளியைக் கணக்கிடுகிறார்கள். சன்னல் பெரிதானால் இடைவெளியும் கூட வேண்டும். இருபக்கமும் திறப்பே இல்லாத நல்ல செங்கல் சுவர் என்றால் கவலை குறைவு. அப்புறம், வெளியேறும் வழியைப் பூட்டாதீர்கள்.

கேள்வி: எந்தத் தீயணைப்பான் வாங்கலாம்?

பதில்: ஏபிசி பவுடர்; திடப்பொருள், திரவம், வாயு மூன்றின் தீக்கும் ஆகும். அழுத்தமானியின் முள் பச்சையில் நிற்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

கேள்வி: எங்களுடையது கான்கிரீட் கட்டடம். எரியாதுதானே?

பதில்: கான்கிரீட் எரியாது. உள்ளே வைத்ததும் வெளியே ஒட்டியதும் எரியும். லண்டன் கிரென்ஃபெல் டவரும் கான்கிரீட்தான். 2017இல் அதன் வெளிப்புற உறையில் இருந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் வழியே தீ மேலேறி 72 பேர் இறந்தார்கள்.

கேள்வி: தெருவை அகலப்படுத்தினால் தீர்ந்தது. எதற்கு இத்தனை கணக்கு?

பதில்: தீராது. ஜப்பானின் இத்தோய்காவாவில் 2016 டிசம்பரில் ஒரு உணவகத்தில் பற்றிய தீ 147 கட்டடங்களுக்குப் பரவியது. பலத்த காற்றில் கங்குகள் பறந்துபோய் தள்ளியிருந்த கூரைகளில் விழுந்தன.

அதே நபர்: அவை மர வீடுகள் சார். ஓட்டுக்கூரையில் கங்கு விழுந்தால் என்ன?

பதில்: அங்கேயும் ஓடுகள் இருந்தன! பழைய ஓட்டின் இடுக்கில் நுழைந்த கங்கு அடியில் இருந்த மரத்தைப் பிடித்தது. கூரைக்கு மேலே ஏறிப் பார்க்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

அதே நபர்: அப்படியானால் அகலமே வேண்டாம் என்கிறீர்கள்.

பதில்: நான் சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள். வண்டி நுழைய அகலம் வேண்டும், அனல் குறையவும் வேண்டும். 1666 பெருந்தீக்குப் பிறகு லண்டனில் தெருக்களை அகலப்படுத்தினார்கள். கூடவே, வெளிச்சுவர் செங்கல்லாகவோ கல்லாகவோ இருக்க வேண்டும் என்று 1667இல் சட்டமும் போட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள், கவனியுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு எத்தனை கிலோ தீயணைப்பான் போதும்?

பதில்: தீயணைப்பான் கேள்விகள் இத்துடன் போதும். கதவைப் பூட்டாதீர்கள், அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

கேள்வி: காப்பீட்டுத் தொகை குறையுமா?

பதில்: முகவரைக் கேளுங்கள்.

கேள்வி: தெருமுனையில் தீயணைப்புக் குழாய் இருக்கிறது. அது போதாதா?

பதில்: திறந்து பார்த்தீர்களா? 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் குடிநீர்க் குழாய்கள் உடைந்து, தீயணைப்பு வீரர்கள் தண்ணீரில்லாமல் தவித்தார்கள். குழாயில் அழுத்தம் வருகிறதா, மேலே வண்டி நிறுத்தியிருக்கிறார்களா, அருகில் குளமோ தொட்டியோ உண்டா என்று மூன்றையும் எழுதி வையுங்கள்.