உங்கள் வீட்டருகே ஓடும் சிறு ஓடைக்குச் சொல்லும்படியான வரலாறு ஏதாவது உண்டா?

உண்டு. நான் இருப்பது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வருக்குத் தென்கிழக்கே பார்க்கர் என்ற ஊரில். பக்கத்தில் ஓடுவது செர்ரி க்ரீக். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயா இவ்வளவு பெரிய பாலம்?" என்பார்கள். கேள்வி நியாயமானதுதான். கோடையில் பல இடங்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கணுக்கால் நனைய நடந்தே கடந்துவிடலாம். ஆனால் டென்வர் இன்று இருக்கும் இடத்தில் இருப்பதற்கே இந்த ஓடைதான் காரணம். அந்த நகரத்தின் ஒரு பகுதியை ஒரே ராத்திரியில் வாரிக்கொண்டு போனதும் இதுதான்.

தெற்கே பால்மர் டிவைட் என்று ஒரு மேட்டுநிலம், ராக்கி மலையடியிலிருந்து கிழக்கே நீண்டு கிடக்கிறது. அதன் தென்சரிவில் விழுகிற மழை ஆர்கன்சா ஆற்றுக்குப் போகும், வடசரிவில் விழுவது சவுத் பிளாட் ஆற்றுக்கு. செர்ரி க்ரீக் அந்த மேட்டில் பிறந்து, காசில்வுட் கேன்யன் பாறை இடுக்கில் இறங்கி, ஃபிராங்க்டவுன், பார்க்கர் வழியாக வடக்கே ஓடி, ஏறக்குறைய 48 மைல் தாண்டி டென்வர் நடுவில் சவுத் பிளாட்டில் கலக்கிறது. பனிமலையில் பிறக்காத ஓடை என்பதால் நிரந்தர வரத்து கிடையாது. மேட்டில் இடியோடு மழை கொட்டினால் வெள்ளம், இல்லாவிட்டால் மணல். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் ஆளாளுக்கு மாட்டிக்கொண்டார்கள்.

1858-இல் ஜார்ஜியாவிலிருந்து கிரீன் ரஸல் தலைமையில் ஒரு கூட்டம் தங்கம் தேடி வந்தது. செர்ரி க்ரீக் மணலைச் சலித்ததில் பெரிதாக ஒன்றும் தேறவில்லை. சில மைல் தள்ளி, சவுத் பிளாட் கரையில்தான் கொஞ்சம் தங்கம் கிடைத்தது. அந்தக் கொஞ்சம் போதுமே! அடுத்த வருஷம் சுமார் ஒரு லட்சம் பேர் கிளம்பிவிட்டார்கள். பாதி வழியிலேயே சலித்துத் திரும்பியவர்களும் ஏராளம். அசல் தங்கம் இருந்ததோ மேற்கே மலைக்குள்.

ஓடையின் மேற்குக் கரையில் ஆரேரியா என்றொரு ஊர் எழுந்தது. கிழக்குக் கரையில் ஏற்கெனவே சிலர் செயின்ட் சார்ல்ஸ் என்று ஊர் குறித்துவைத்துவிட்டுப் போயிருக்க, லாரிமர் என்பவர் வந்து அதைக் கைப்பற்றி டென்வர் சிட்டி என்று பெயர் வைத்தார். அப்போது இந்தப் பகுதி கான்சாஸ் பிரதேசத்தைச் சேர்ந்தது; அதன் ஆளுநர் டென்வர் என்பவரைக் குளிர்விக்க வைத்த பெயர். அந்த மனிதர் அதற்குள் பதவியை விட்டே போயிருந்தார்! இரண்டு ஊருக்கும் ஓயாத போட்டி. அதனால் ராக்கி மவுண்டன் நியூஸ் பத்திரிகை எந்தக் கரையையும் பகைத்துக்கொள்ளாமல், வறண்ட ஓடைப் படுகைக்குள்ளேயே கால் ஊன்றி ஆபீஸ் கட்டியது. 1860-இல் ஊர்கள் இணைந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. நகர மண்டபமும் அப்படியே படுகையில். வெள்ளம் வரும் என்று இந்த மண்ணின் பூர்வகுடிகளான அரபாஹோ மக்கள் எச்சரித்ததாகச் சொல்வார்கள். யார் கேட்டது?

1864 மே 19 நள்ளிரவு, தெற்கே பெய்த மழையெல்லாம் சேர்ந்து வந்தது. பத்திரிகை ஆபீஸ் அச்சு இயந்திரத்தோடு போயிற்று. உள்ளே தூங்கிய ஊழியர்கள் பிழைத்தது அதிர்ஷ்டம். நகர மண்டபம், ஆவணங்கள், பாலங்கள் எல்லாம் போயின. பதினைந்து இருபது பேர் செத்தார்கள்.

டென்வர் டவுன்டவுன் தெருக்கள் மட்டும் ஏன் கோணலாக ஓடுகின்றன என்று கூகுள் மேப்பில் பார்த்து நீங்கள் யோசித்திருக்கலாம். ஆறும் ஓடையும் போன போக்கில் கோடு போட்ட ஊர் அது. பிராட்வே தாண்டியதும்தான் தெருக்கள் ஒழுங்காக வடக்கு தெற்காகத் திரும்புகின்றன.

அரபாஹோக்கள் கேட்கப்படாமல் போனது வெள்ள விஷயத்தில் மட்டும் இல்லை. 1851 லாரமி கோட்டை ஒப்பந்தப்படி இந்த நிலம் அவர்களுக்கும் இன்னொரு பூர்வகுடியான ஷையன் மக்களுக்கும் உரியது. ஆறும் ஓடையும் சேரும் இடத்தில் அவர்கள் முகாம் போடுவது வழக்கம். லிட்டில் ரேவன் என்ற தலைவர் தங்கம் தேடி வந்தவர்களை மரியாதையாகத்தான் நடத்தினார். 1859-இல், தங்கம் தேடுவோர் கிழக்கிலிருந்து வந்த ஸ்மோக்கி ஹில் தடத்தில் வழிதவறிய ப்ளூ சகோதரர்களில், செத்தவர்களின் உடலைத் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த டேனியல் ப்ளூவைக் காப்பாற்றிச் சோறு போட்டதும் ஓர் அரபாஹோதான். பதிலுக்கு 1861 ஒப்பந்தத்தில் நிலத்தின் பெரும்பகுதி பறிபோனது. வெள்ளம் வந்த அதே 1864-இன் நவம்பர் 29-ஆம் தேதி, அமெரிக்கக் கர்னல் சிவிங்டனின் படை சாண்ட் க்ரீக் என்ற வேறோர் ஓடையருகே முகாமிட்டிருந்த ஷையன், அரபாஹோ மக்கள் மேல் பாய்ந்து சுமார் 230 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சங்கமத்தின் அருகே இப்போது விலையுயர்ந்த அபார்ட்மென்டுகள் நிற்கும் தெருவுக்கு லிட்டில் ரேவன் தெரு என்று பெயர். எனக்கு அது கொஞ்சம் உறுத்தும்.

ஸ்மோக்கி ஹில் தடம் கடைசியில் இந்த ஓடையை ஒட்டித்தான் டென்வருக்குள் நுழைந்தது. வழிநெடுக டென்வரிலிருந்து எத்தனை மைலோ அதையே பெயராக வைத்த சத்திரங்கள். 1859-இல் கட்டிய ஃபோர் மைல் ஹவுஸ் இன்றும் நிற்கிறது, டென்வரின் மிகப் பழைய வீடு அதுதான். ட்வென்டி மைல் ஹவுஸைச் சுற்றி வளர்ந்ததுதான் எங்கள் பார்க்கர்.

பிறகு அணை கட்டினார்கள். 1890-இல் காசில்வுட்டில் கட்டியது 1933 ஆகஸ்ட் 3 விடிவதற்குள் உடைந்தது. தொலைபேசியில் முன்கூட்டியே தகவல் போனதால் உயிரிழப்பு இரண்டோடு நின்றது. இப்போதைய செர்ரி க்ரீக் அணை 1950-இல் முடிந்தது.

பார்க்க விரும்பினால் காசில்வுட் கேன்யன் ஸ்டேட் பார்க்குக்குப் போங்கள், உடைந்த அணையின் மிச்சக் கல்சுவர் அப்படியே இருக்கிறது. டென்வருக்குள் என்றால் ஓடையோரப் பாதையில் சைக்கிள் ஓட்டலாம். ஆனால் அது தெருவுக்குக் கீழே, இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் போகிறது. கருமேகம் திரண்டிருக்கும் பிற்பகலில் அதில் இறங்காதீர்கள். அணைக்குக் கீழே நகரத்துக்குள் பெய்கிற மழைக்கே அந்தப் பாதை சீக்கிரம் முழுகிவிடும்.