அக்காகிட்ட கேளுங்க: ஆணழகன்னா எண்ணெய் தடவணும்ல?

போன இதழ்ல 2016-ல மிஸ்டர் வேர்ல்ட் ஜெயிச்ச ஹைதராபாத் பையன் ரோஹித் கந்தேல்வால் பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதினேன், அவ்ளோதான், லெட்டரா வந்து குவியுது. சமையல் குறிப்புக்குக்கூட இவ்ளோ வந்ததில்ல. சரி, இந்த வாட்டி பக்கம் முழுக்க அந்தப் பையனுக்கே.

அக்கா, எங்க ஊர்ல வருஷா வருஷம் ஆணழகன் போட்டி நடக்கும். உடம்பெல்லாம் எண்ணெய் பளபளக்க ஜட்டியோட மேடை ஏறி மஸில் காட்டுவாங்க. நீங்க போட்ட போட்டோல அவரு கோட்டு சூட்டுல நிக்கிறாரு. இது என்ன ஆணழகன்? (ஈரோடு வாசகர்)

தம்பி, குழப்பம் உங்களோடது இல்ல, நம்ம பேப்பர்காரங்களோடது. ரெண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுட்டாங்க. உங்க ஊர்ல நடக்கிறது பாடி பில்டிங். அதுல மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வாங்கினவர் நம்ம நாட்டுலயே இருந்தாரு, கல்கத்தாக்காரர் மனோகர் ஐச், 1952-ல. நாலடி பதினோரு அங்குலம்தான் உயரம், பாக்கெட் ஹெர்குலிஸ்னு பேரு. வெள்ளைக்காரன் காலத்துல ஏர்ஃபோர்ஸ்ல இருந்தப்போ ஒரு ஆஃபீசரை அறைஞ்சுட்டு ஜெயிலுக்குப் போயி, ஜெயிலுக்குள்ளயே எக்சர்சைஸ் பண்ணி உடம்பை ஏத்துனவர் அவரு. 2016 ஜூன்ல 104 வயசுல தவறினாரு. அடுத்த மாசம், ஜூலை 19, இங்கிலாந்துல சவுத்போர்ட்ங்கிற கடலோர ஊர்ல ரோஹித் ஜெயிச்சாரு. பேரு கேட்டா ரெண்டு பேரும் "ஆணழகன்", ஆனா ஒருத்தரோட பரீட்சை இன்னொருத்தருக்கு வந்தா ரெண்டு பேருமே ஃபெயில்தான்.

மிஸ்டர் வேர்ல்ட்ங்கிறது மிஸ் வேர்ல்ட் நடத்துறவங்களே ஆம்பளைங்களுக்கு நடத்துறது. விளையாட்டு, திறமை, மாடலிங், மல்டிமீடியான்னு தனித்தனியா ரவுண்டு இருக்கும், கூடவே பேச்சு. அந்த வருஷம் 47 பேரு வந்தாங்க. போர்ட்டோ ரிக்கோ பையன் ரெண்டாவது, மெக்சிகோ பையன் மூணாவது. ஆசியாவுலேர்ந்து இந்தப் பட்டத்தை முதல்ல வாங்கினது ரோஹித்தான்.

அக்கா நான் காலேஜ் செகண்ட் இயர். அவரோட இன்ஸ்டாவை ஒரு வாரமா பாத்துட்டே இருக்கேன், ஆனா ஆளு எப்படிப்பட்டவருன்னு பிடிபடவே இல்ல. எல்லா மாடலும் ஒரே மாதிரி சிரிக்கிறாங்க. உண்மையான கேரக்டரை எப்படித் தெரிஞ்சுக்கிறது? (திருச்சி வாசகி)

அம்மாடி, ஒரு வாரமா தப்பான இடத்துல தேடிட்டு இருக்கே. மேல ரவுண்டு சொன்னேன்ல, அதுல மல்டிமீடியான்னு ஒண்ணு, அதாவது சோஷியல் மீடியாவுல தன்னை எவ்ளோ அழகா காட்டிக்கிறாங்கன்னு பாக்குறது. அந்த அவார்டை அந்த வருஷம் வாங்கினது யாருன்னு நினைக்கிறே? இவரேதான்! எந்த சப்ஜெக்ட்ல அவரு ஸ்டேட் ஃபர்ஸ்ட்டோ அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு, இதுல எங்கயாச்சும் தப்பு இருக்கா, ஆளு தெரியிறாரான்னு தேடுனா எப்படித் தெரிவாரு?

மேடைப் பேச்சும் அப்படித்தான். பொண்ணு பாக்க வர்றப்போ மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டு பஜ்ஜியை பாதி கடிச்சு வச்சுட்டு "எனக்கு எல்லாமே ஓகேங்க"ன்னு சொல்லுவாரு, அதை வச்சா குணத்தை முடிவு பண்றோம்? கல்யாண வீட்டுப் பந்தியில சாம்பார் வர லேட்டானா பரிமாறுற பையன்கிட்ட என்ன குரல்ல பேசுறாருன்னு பாத்தாதான் தெரியும்னு எங்க பாட்டி சொல்லும். மேடையில சொல்ற பதிலுக்கெல்லாம் மாசக்கணக்குல ட்ரெயினிங் உண்டு, எப்படி நிக்கிறது, எப்போ மூச்சு விடுறது வரைக்கும். அதைக் குறை சொல்லல, பரீட்சைக்குப் படிச்சுட்டுப் போறதுல என்ன தப்பு. ஆனா அதுல ஆளு கிடைக்க மாட்டாரு.

நான் பாக்குறது மேடைக்கு முன்னாடி உள்ள வருஷங்களை. ரோஹித் ஹைதராபாத்ல ஒரு மார்வாடி குடும்பத்துப் பையன், 1989-ல பொறந்தவரு. ராம்ப்ல நடக்கிறதுக்கு முன்னாடி ஸ்பைஸ்ஜெட்ல கிரவுண்ட் ஸ்டாஃப், டெல் கம்பெனியில டெக் சப்போர்ட்னு ரெண்டு வேலை பாத்திருக்காரு. இதை எல்லாரும் "சாதாரண வேலையிலேர்ந்து மேல வந்தாரு"ன்னு ஒரு வரியில தாண்டிடுறாங்க, எனக்கு அங்கதான் கண்ணு நிக்குது. எங்க சித்தி பையன் ஏர்போர்ட் கவுண்டர்ல மூணு வருஷம் நின்னவன். ஃப்ளைட் லேட்டுன்னா லேட் பண்ணது அவன் இல்ல, மழை பெய்ய வச்சதும் அவன் இல்ல, ஆனா திட்டு மொத்தமும் அவனுக்குத்தான், அவனோ யூனிஃபார்ம் கசங்காம "சாரி சார், இன்னும் கொஞ்ச நேரம் சார்"ன்னு சிரிச்சுக்கிட்டே நிக்கணும், வீட்டுக்கு வந்தா யார்கிட்டயும் ஒரு மணி நேரம் பேச மாட்டான். டெக் சப்போர்ட் அதுக்கு அண்ணன். கம்ப்யூட்டர் ஓடலன்னு கத்துறவரை முதல்ல அமைதிப்படுத்தி, அப்புறம் பிளக் சொருகியிருக்கான்னு கேக்கணும், அதையும் அவரு கோவிச்சுக்காத மாதிரி கேக்கணும்.

இனிமே அந்தச் சிரிப்பைப் பாரு. மாடல் சிரிப்புன்னு நீ சொல்றே, எனக்கு அது கவுண்டர் சிரிப்பா தெரியுது. கோவக்காரங்க நடுவுல முகம் மாறாம நிக்கிற பழக்கம் எந்த க்ரூமிங் கிளாஸ்லயும் வராது, சம்பளத்துக்கு நின்னாதான் வரும். இது என் யூகம்தான், அவரு என்கிட்ட வந்து சொல்லல. ஆனா உன் இன்ஸ்டாவைவிட இது கொஞ்சம் பக்கத்துல போகும்.

அப்புறம் ஜெயிச்ச பின்னாடி உள்ள காலம். இவருக்கு முந்தின சில வாட்டி ரெண்டு வருஷத்துலயே மகுடம் கை மாறுச்சு. இவருக்கு ரெண்டரை வருஷத்துக்கு மேல ஓடுச்சு, 2019 பிப்ரவரில மணிலாவுல இங்கிலாந்துப் பையன் ஜாக் ஹெஸல்வுட் ஜெயிக்கிற வரைக்கும். அத்தனை நாளும் ஊருக்கு ஊரு அதே சிரிப்பு, அதே கேள்வி, அதே பதில். நம்மால ஒரு கல்யாண ரிசப்ஷன்ல ரெண்டு மணி நேரம் சிரிக்க முடியல, கன்னம் வலிக்குது.

ஐஸ்வர்யா ராய், சுஷ்மிதா சென்னா எங்க அம்மாயிக்குக்கூட தெரியும். இவரை ஏன் யாருக்கும் தெரியல? (பொள்ளாச்சி வாசகி)

மிஸ் வேர்ல்ட் 1951-லேர்ந்து நடக்குது, ஜனங்களுக்குப் பழகிப் போச்சு. மிஸ்டர் வேர்ல்ட் 1996-ல இஸ்தான்புல்லதான் ஆரம்பிச்சது, அதுவும் நினைச்சப்போ நடத்துவாங்க. 2003-க்கு அப்புறம் 2007, 2019-க்கு அப்புறம் 2024. இப்படி பஸ்ஸு எப்போ வரும்னே தெரியாத ஸ்டாப்புல யாரு நிப்பாங்க? பரிசும் 2016-ல 50,000 டாலர்தான், அன்னிக்கு ரேட்ல நம்ம பணம் முப்பத்து மூணு லட்சம் பக்கம் வரும். மாடலிங்ல பொம்பளைங்களைவிட ஆம்பளைங்களுக்குச் சம்பளம் கம்மிங்கிறதும் ஒரு காரணம். (உலகத்துல இப்படி ஒரு தொழிலாவது இருக்கேன்னு எனக்கு ஒரு அல்ப சந்தோஷம்.)

இன்னொண்ணு, இவருக்கு முன்னாடியே 2002-ல மிஸ்டர் இன்டர்நேஷனல்ங்கிற இதே மாதிரி வேற ஒரு போட்டியில ஜெயிச்ச ரகு முகர்ஜி பெங்களூர்க்காரரு, அப்புறம் கன்னடப் படத்துல நடிச்சாரு. 2018-ல போலந்துல மிஸ்டர் சுப்ராநேஷனல்ங்கிற இன்னொரு போட்டியில ஜெயிச்ச பிரதமேஷ் மௌலிங்கர் கோவாவுல ஃபுட்பால் ஆடினவரு. கேள்விப்பட்டீங்களா? நானும் இந்தப் பக்கத்துக்காகத் தேடுனப்போதான் அவங்க கதையைப் படிச்சேன்.

என் பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலைக்குப் போகாம ஜிம்மே கதின்னு கெடக்கான். மிஸ்டர் இந்தியா போறேங்கிறான். அனுப்பலாமா? (மதுரை அம்மா)

போகட்டும்மா, தடுக்காதீங்க, ஆனா ரோஹித் கதையைச் சொல்லி ஒரு கண்டிஷன் போடுங்க. மிஸ்டர் இந்தியா பட்டம் அவருக்கு 2015-ல, இருபத்தஞ்சு வயசுல வந்துச்சு. அதுக்கு முன்னாடி சேனல் வி-ங்கிற டிவியில சீரியல் நடிச்சு, அதுக்கும் முன்னாடி நான் சொன்ன அந்த ரெண்டு வேலை. உங்க பையனும் ஆள் நடமாட்டம் உள்ள ஒரு வேலையில ஒரு வருஷம் நிக்கட்டும், ஹோட்டல் ரிசப்ஷனோ துணிக்கடையோ எதுவோ. அங்க பத்துப் புடவையைப் பிரிச்சுப் போட்டும் ஒண்ணும் எடுக்காமப் போற அம்மாவைச் சிரிச்சுக்கிட்டே வழியனுப்புனான்னா, ஜிம் ஃபீஸை நீங்களே கட்டுங்க.

அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்? கல்யாணம் ஆயிடுச்சா? (பேர் வேண்டாம், சேலம்)

ஹைதராபாத்ல வளர்ந்த பையன்கிட்ட போயி என்ன சாப்பாடு பிடிக்கும்னு ஒரு கேள்வி! ரெண்டாவது கேள்விக்கு ஆள் தேடுறது இந்தப் பக்கம் இல்லம்மா, வரன் விளம்பரம் கடைசிப் பக்கத்துல இருக்கு. நீங்க பேர் வேண்டாம்னு எழுதின அந்தக் கையெழுத்து மட்டும் எனக்கு எங்கயோ பாத்த மாதிரியே இருக்கு, போன மாசம் வேற ஒரு நடிகரைப் பத்தி இதையேதானே கேட்டீங்க?