தில்லிப் பல்கலைக்கழகங்களின் ஆசியவியல் உரைகளுக்கு மாணவர் அல்லாதவர்கள் போகலாமா?

கேள்வி இதுதான்: தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களில் சீனா, ஜப்பான், கொரியா, தென்கிழக்காசியா பற்றிப் பொதுச் சொற்பொழிவுகளும் கலை நிகழ்ச்சிகளும் நடக்கின்றன. மாணவராக இல்லாத, வேலைக்குப் போகிற ஒரு தமிழர் அங்கே போனால் ஏதாவது புரியுமா, பயன் உண்டா?

போகலாம். அவசியம் போங்கள். தமிழர் என்பதாலேயே போங்கள் என்றும் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் அம்பாசமுத்திரத்தில் பி.காம். முடித்துவிட்டு வேலைக்காகத் தில்லி வந்தவன். பத்தொன்பது வருடம் ஆகிறது. கரோல் பாகில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன், வீடு முனிர்காவில். ஜேஎன்யூ, அதாவது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், நடந்துபோகிற தூரம்தான். இருந்தும் முதல் பதினோரு வருடம் அதன் வாசலைத் தாண்டியதில்லை. படித்தவர்கள் புழங்குகிற இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்று இருந்துவிட்டேன். எங்கள் மாடியில் குடியிருந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், மதுரைப் பக்கத்துத் தம்பி, ஒருநாள் கூப்பிட்டார். “அண்ணே, சீனாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டைப் பற்றி ஒருத்தர் பேசுறார். அரை நாள் லீவு போட்டுட்டு வாங்க.”

சின்ன அறை. நாற்பது நாற்காலி இருக்கும். பேச வந்தவர் வெளிநாட்டுப் பேராசிரியர். எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். தென்சீனத்தில் சுவான்சோ என்ற துறைமுக நகரில் கிடைத்த கல்வெட்டின் வாசகம் அதில் இருந்தது. சக ஆண்டு 1203, சித்திரை மாதம்; அதாவது கி.பி. 1281. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே ஒரு சிவன் கோயிலில் இறைவனை எழுந்தருளச் செய்ததைச் சொல்கிற கல். செகாசைக் கான் என்று அதில் வருவது மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானைத்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். அவருடைய ஆணையின்படி, அவருடைய உடல்நலத்துக்காகச் செய்த காரியம் அது. கல்லில் தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தில் ஒரு வரியும் உண்டு.

தாளில் எல்லாம் ஆங்கில எழுத்தில், மேலும் கீழும் புள்ளியும் கோடும் போட்டு இருந்தது. முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பேராசிரியர், “தமிழ் பேசுகிறவர்கள் யாராவது இதைச் சத்தமாகப் படிக்க முடியுமா?” என்று கேட்டார். தம்பி என்னைக் கைகாட்டிவிட்டார். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். ‘திருமேனி’ என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் காய்ச்சல் என்றால் ‘மேலுக்கு முடியலை’ என்போம். ஆச்சி ஒவ்வொரு கடிதத்திலும் ‘மேலுக்குச் சுகமா’ என்று கேட்டுத்தான் தொடங்குவாள். ‘மேல்’ என்றால் எங்களுக்கு உடம்பு. ஏழு நூற்றாண்டுக்கு முன்னால் சீனக் கடற்கரையில் ஒரு தமிழர், அந்த நாட்டு அரசனின் மேல் நன்றாக இருக்கட்டும் என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இதைச் சொன்னேன். பேராசிரியர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். இந்த மாதிரி அறைகளுக்கு நாம் வெறுங்கையோடு போவதில்லை. ஆசியாவின் கடல் வணிக வரலாற்றுக்கு ஆதாரமான கற்கள் பல நம் மொழியில் இருக்கின்றன. சுமத்ராவில் பாருஸ் பக்கம் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. சோழ நாட்டிலிருந்து 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் தூதுக்குழுக்கள் வந்ததைச் சீனக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. பாங்காக் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவாய் என்ற விழாவின் பெயரைக் கேட்டாலே நமக்குத் திருவெம்பாவை நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் கடாரம் கொண்டான் என்ற பட்டத்தோடு நம் கதை முடிந்துவிடுகிறது. அந்தப் படையெடுப்புக்கு முன்னும் பின்னும் என்ன வியாபாரம் நடந்தது, யார் யாரோடு பழகினார்கள் என்பதை இந்த உரைகளில்தான் கேட்டேன்.

ஜப்பானியரான நொபுரு கராஷிமாவைப் பற்றியும் இப்படி ஒரு கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டேன். தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வந்து படித்து, சோழர் கல்வெட்டுகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். எ. சுப்பராயலு, தோரு மத்சுய் ஆகியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி வைத்துத் தொகுத்து 1978இல் வெளியிட்டார். அந்தக் காலத்துக் கணினியில் எத்தனை உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள். 2013இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது தில்லிக்கு வர அவர் உடல்நிலை இடம் கொடுக்கவில்லை. பிரதமர் மன்மோகன் சிங் தோக்கியோ போனபோது நேரிலேயே கொடுத்தார். கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு இவர்மேல் தனி மரியாதை. ஊர் ஊராக நிலக் கணக்கையும் பெயரையும் எண்ணி எண்ணித்தான் சோழர் கால மாற்றங்களைக் காட்டினார். பெருமை பேசி அல்ல.

இந்தப் பெருமை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஜப்பானிய மொழி உரையில் நம்மவர் ஒருவர் எழுந்து, ஜப்பானிய மொழி தமிழிலிருந்துதான் பிறந்தது என்று பத்து நிமிடம் பேசினார். கேள்வி நேரமே முடிந்துவிட்டது. எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று எழுதியது உண்மை. மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை என்பதும் உண்மை. கொரிய மொழியிலும் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் குழந்தை வாயில் முதலில் வரும் இந்த மாதிரிச் சொற்கள் எத்தனையோ மொழிகளில் ஒன்றுபோல இருக்கின்றன. கல்லில் இருப்பதே நமக்குப் போதுமான பெருமை. ஒரே ஒரு கேள்வி, சுருக்கமாக, தெரிந்துகொள்வதற்காகக் கேளுங்கள். எல்லாரும் உங்களைத் தேடி வந்து பேசுவார்கள்.

சரி, எங்கே போவது? இந்தத் துறையில் தில்லிக்கு நல்ல பாரம்பரியம் இருக்கிறது. சுதந்திரத்துக்கு முன்பே, 1947 மார்ச்சில், ஆசிய உறவுகள் மாநாடு இங்கே புரானா கிலாவில்தான் நடந்தது. சீனப் போருக்குப் பிறகு 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீனவியல் தொடங்கியது. அதுதான் இன்று கிழக்காசியவியல் துறை. மஞ்சள் மெட்ரோவில் விஷ்வவித்யாலயா நிலையத்தில் இறங்க வேண்டும். ஜேஎன்யூவில் சீனம், ஜப்பானியம், கொரியம் எல்லாவற்றுக்கும் தனித்தனி மையங்கள் உண்டு. பல்கலைக்கழகத்துக்கு வெளியே என்றால் சீன ஆய்வு நிறுவனத்தின் புதன்கிழமைக் கருத்தரங்கும், லோதி எஸ்டேட்டில் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரின் கூட்டங்களும் நல்ல இடங்கள்.

கலை நிகழ்ச்சி என்றால் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். லாஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷனும் கொரியக் கலாசார மையமும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. என் மகள் கொரிய நாடகம் பார்த்தே பாதி மொழி கற்றுக்கொண்டவள். ஆனால் அவளை அசைத்தது ஒரு ஜப்பானியத் தூரிகை எழுத்து வகுப்பு. தூரிகையை நட்டுக்குத்தலாகப் பிடிக்க வேண்டும், கை மேசையில் படக் கூடாது, ஒரு கோட்டை இழுத்தபின் திரும்பத் தொட்டுச் சரிசெய்யக் கூடாது. முதல் மூன்று தாளிலும் மை ஊறிப் படர்ந்துவிட்டது. கற்றுக்கொடுத்த அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே இழுக்கச் சொன்னார். நாலாவது தாளில் கோடு நின்றது. “அப்பா, கோலத்துக்கு ஆச்சி இழுக்கிற மாதிரியே இருக்கு” என்றாள்.

நடைமுறை விஷயங்கள் கொஞ்சம். உரைகள் பெரும்பாலும் வேலை நாளில், மதியம் மூன்று மணிவாக்கில் இருக்கும். அரை நாள் விடுப்பு இல்லாமல் முடியாது. வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரோடு, நிகழ்ச்சி அறிவிப்பையும் போனில் காட்டத் தயாராக வைத்திருங்கள். ஒருமுறை ஒரு வளாகத்தில் அறிவிப்பு இல்லாததால் வாசலிலேயே முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள், உள்ளே போனபோது கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அறையையும் கடைசி நேரத்தில் மாற்றுவார்கள், அதனால் துறை அலுவலகத்துக்கு முந்தின நாள் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. பேச்சு ஆங்கிலத்தில்தான். முதல் இரண்டு உரையில் பாதிதான் புரியும். பரவாயில்லை, பெயர்களையும் வருடங்களையும் மட்டும் குறித்துக்கொண்டு வீட்டில் தேடிப் படியுங்கள். முடிந்ததும் டீ கொடுத்தால் உடனே கிளம்பிவிடாதீர்கள். மேடையில் சொல்லாததை டீ குடிக்கும்போதுதான் சொல்வார்கள்.

முதல் உரைக்குக் கடல் வணிகம் சம்பந்தப்பட்ட தலைப்பாகப் பார்த்துப் போங்கள். அதிலும் இலங்கையின் காலி நகரில் 1911இல் கண்டெடுத்த மும்மொழிக் கல்வெட்டைப் பற்றி யாராவது பேசினால் விடவே விடாதீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய, 1409ஆம் ஆண்டுக் கல். சீன மொழியில் புத்தருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமியர் வழியிலும், தமிழில் தேனவரை நாயனார் என்ற இந்துக் கடவுளுக்கும் காணிக்கை சொல்கிறது. தமிழ்ப் பகுதியை வாய்விட்டுப் படிக்க ஆள் வேண்டுமா என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.