பியானோ இடைவேளை அல்ல

வணக்கம். 'தூக்கம் வராத இரவு' என்று ஒரு மிக்ஸ்டேப் செய்தேன். இண்டி பாட்டு (பெரிய நிறுவனங்களைச் சாராத கலைஞர்களுடையது) ஒன்று, தனிப் பியானோ இசை ஒன்று என்று மாற்றி மாற்றி மொத்தம் 18. கேட்ட தோழி, பியானோ வந்தபோதெல்லாம் தள்ளிவிட்டுப் போனதாகச் சொல்கிறாள். தனித்தனியாக எல்லாமே எனக்கு உயிர். சேர்த்தால் ஏன் ஒட்டவில்லை?
– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அனுப்பிய வரிசையை இரண்டு முறை கேட்டேன். தேர்வில் குறை இல்லை, மாற்றி மாற்றி வைத்ததுதான் சிக்கல். மூன்றாவது சுற்றுக்குள் காதுக்குக் கணக்குப் புரிந்துவிடுகிறது, அப்புறம் பியானோ வந்தாலே 'சரி, இது இடைவேளை' என்று அது கிளம்பிவிடும். தூக்கம் வராத இரவு என்ற உங்கள் கருப்பொருளிலேயே மணி ஓடுகிறதே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மனதில் பேச்சு அதிகம், அங்கே பாட்டுகளே வரட்டும். மூன்று மணிக்குச் சொல்லே வேண்டாம், இரண்டு மூன்று பியானோவைச் சேர்ந்தாற்போல் வையுங்கள்.

அடுத்தது சத்தம். இண்டி பாட்டுகள் பலவற்றில் மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசத்தைக் குறைத்துத்தான் மிக்ஸ் செய்திருப்பார்கள். பியானோ பதிவில் அந்த வித்தியாசம் அப்படியே இருக்கும். டிரம்ஸ் முழங்கி முடிகிற உங்கள் நான்காவது பாட்டை அடுத்து வரும் பியானோவின் முதல் அரை நிமிடம் எனக்குக் கேட்கவே இல்லை. வால்யூமை ஏற்றினேன், அடுத்த பாட்டு காதில் அறைந்தது. உங்கள் தோழி தள்ளிவிட்டதற்கு இதுவே போதும். பியானோவை ஏற்றாதீர்கள், பாட்டுகளை 3, 4 டெசிபல் இறக்குங்கள்.

இனி சுருதி, எனக்கு மிகவும் பிடித்த வேலை. கிட்டாரில் திறந்த கம்பிகள் (விரல் வைக்காமல் மீட்டுபவை) ஒத்துழைப்பதால், ஒரே ஸ்வரங்களைப் பகிரும் ஜி மேஜர், ஈ மைனர் என்ற இரண்டு சுருதிகளிலும் ஏராளமான பாட்டுகள் பிறக்கின்றன. இசையமைப்பாளர் ஷோபனின் 28-ஆம் படைப்பாக (ஓபஸ் 28) 1839-இல் வெளியான தொகுப்பில், நான்காவது பிரிலூட் என்ற குட்டிப் பியானோ இசை ஈ மைனர்தான். வலது கை ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்க, இடது கையின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) அரை அரை ஸ்வரமாக இறங்கிக்கொண்டே போகும், இரண்டு நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். படுத்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருப்பவரின் இசை அது! அதன் முன்னும் பின்னும் ஜி மேஜர் கிட்டார் பாட்டு ஒன்றை வைத்துப் பாருங்கள், தையல் தெரியாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் பியானோ இசை 'க்ளேர் த லூன்' அப்படியல்ல, அதன் சுருதி டி ஃபிளாட் மேஜர். கேப்போ (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் பிடிப்பான்) போடாத கிட்டார் அந்தப் பக்கம் அதிகம் போகாது. நீங்கள் அதை இரண்டு கிட்டார் பாட்டுகளுக்கு நடுவே செருகியிருக்கிறீர்கள், இரண்டு பக்கமும் இடிக்கிறது.

பாட்டுக்கும் பியானோவுக்கும் பாலம் வேண்டுமென்றால் ஆங்கிலேயப் பாடகர் நிக் டிரேக்கைக் கேளுங்கள். 1972-இல் வந்த 'பிங்க் மூன்' ஆல்பம் முழுக்கக் குரலும் கிட்டாரும்தான், தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ எட்டிப்பார்க்கும். அதற்குப் பிறகு தனிப் பியானோ வந்தால், அறைக்குள் ஏற்கெனவே இருந்தவர் பேசத் தொடங்கியது போல இருக்கும்.

பதினெட்டு அதிகம், பன்னிரண்டாக்குங்கள். 'க்ளேர் த லூன்' கடைசியில் இருக்கட்டும். அது தேய்ந்து அடங்கிய பிறகு வேறு எதுவும் வேண்டாம், அந்நேரம் உங்கள் தோழி தூங்கியிருக்கலாம்.