ஸ்க்ரம் நடக்கிறது, வேகம் வரவில்லை: தலைமை எங்கே கை வைக்க வேண்டும்?

கேள்வி: சென்னையில் ஒரு மென்பொருள் தயாரிப்பு நிறுவனத்தில் பொறியியல் பிரிவுக்குத் தலைவராக இருக்கிறேன். என் கீழ் 120 பேர். ஒரு வருடத்துக்கு முன் அஜைலுக்கு, அதாவது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து அடிக்கடி காட்டித் திருத்திக்கொள்ளும் முறைக்கு மாறினோம்; அதில் ஸ்க்ரம் என்ற வகையைப் பின்பற்றுகிறோம். பயிற்சி, ஜிரா (வேலைகளைப் பதிவு செய்யும் மென்பொருள்), ஸ்க்ரம் மாஸ்டர்கள் (முறை சரியாக நடக்க உதவுபவர்கள்), இரண்டு வார ஸ்பிரின்ட் (குறித்த வேலையை முடிக்கும் குறுகிய சுற்று) எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஆனாலும் ஒரு புதிய வசதி வாடிக்கையாளர் கைக்குப் போக முன்பு போலவே நான்கு மாதம் ஆகிறது. "தலைமை ஆதரவு தர வேண்டும்" என்கிறார்கள். நான் ஆதரவாகத்தான் இருக்கிறேன். இதற்கு மேல் குறிப்பாக என்ன செய்வது? வெளியிலிருந்து ஒரு அஜைல் கோச்சை (வழிகாட்டும் பயிற்றுநரை) எடுத்தால் சரியாகுமா?

பதில்: குழுக்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அவர்களால் மாற்ற முடிந்ததை ஏறக்குறைய மாற்றிவிட்டார்கள் என்றுதான் உங்கள் கேள்வியைப் படித்தால் தோன்றுகிறது. மிச்சம் இருப்பது அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில்: எது முதலில் என்ற முடிவு, ஒப்புதல்கள், பட்ஜெட், அப்ரைசல். இவற்றில் கை வைக்கக்கூடியவர்கள் நீங்களும் உங்களுக்கு மேலே இருப்பவர்களும்தான். தொடக்க விழாவில் பேசுவதும் டி-ஷர்ட் கொடுப்பதும் ஆதரவுக் கணக்கில் வராது. 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கையின் 12 கோட்பாடுகளில் ஒன்று, ஆர்வமுள்ளவர்களுக்குத் தேவையான சூழலையும் ஆதரவையும் கொடுத்து அவர்களை நம்புங்கள் என்கிறது. எப்படி என்று அது விளக்கவில்லை. அந்த வேலை உங்கள் தலையில்.

சமீபத்தில் வெளியான ஏதாவது ஒரு வசதியை எடுத்து, அதன் கதையைத் தேதிவாரியாக எழுதுங்கள். யார் எப்போது கேட்டார், ஒப்புதல் எப்போது வந்தது, டெவலப்பர் எந்த நாளில் தொட்டார், டேட்டாபேஸ் குழுவிடம் எத்தனை நாள் கிடந்தது, செக்யூரிட்டி ரிவ்யூ எப்போது, ரிலீஸ் எப்போது. ஜிராவிலும் மெயிலிலும் தேடினால் ஒரு மதியத்தில் கிடைத்துவிடும். நீங்களே உட்கார்ந்து செய்யுங்கள், யாரிடமும் எக்செல் கேட்காதீர்கள். பெரும்பாலான இடங்களில் வேலை நடந்த நாட்கள் கொஞ்சமாகவும் காத்திருந்த நாட்கள் மிக அதிகமாகவும் இருக்கும். ஸ்பிரின்ட் வேலை நடக்கும் நாட்களை மட்டும்தான் தொடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் ரிலீஸ் என்றால், குழு இரண்டு வாரத்தில் முடித்தாலும் இரண்டு நாளில் முடித்தாலும் வாடிக்கையாளருக்கு ஒன்றுதான். எந்தக் காத்திருப்பு மிக நீளமோ அதை முதலில் வெட்டுங்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு காலத்தில் நடந்த ஒரு விபத்துக்காக வைத்த கையெழுத்தாக இருக்கும். ஏன் வைத்தோம் என்று இப்போது யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்தது முன்னுரிமை. எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், அது ஒரு கமிட்டி அல்ல என்று 2020 ஸ்க்ரம் வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அவருடைய முடிவுகளை நிறுவனம் முழுவதும் மதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் அலுவலகங்களில் இந்த இரண்டாவது பாதிதான் உடைகிறது. ஸ்பிரின்ட் நடுவில் எம்.டி.யிடமிருந்து ஒரு போன், "இதை மட்டும் பார்த்துக் கொடுத்துடுங்க". அதோடு பேச்சு முடிந்தது. "சார் சொன்னாரு" என்ற இரண்டு வார்த்தைக்கு முன்னால் எந்த பேக்லாக்கும் (வரிசைப்படுத்திய வேலைப் பட்டியலும்) நிற்காது. எனவே ஒரு விதி வையுங்கள், அதை முதலில் உங்கள் மீதே வையுங்கள்: உங்கள் கோரிக்கையும் எம்.டி.யின் கோரிக்கையும் ப்ராடக்ட் ஓனர் வழியாக மட்டுமே குழுவுக்குப் போகும். அவர் "இந்த ஸ்பிரின்டில் முடியாது" என்று ஒருமுறை சொல்லி, நீங்கள் சரி என்று விட்டுவிட்டால், அந்தச் செய்தி மாலைக்குள் எல்லாத் தளத்துக்கும் போய்விடும். கூடவே, ஒரே நேரத்தில் ஓடும் திட்டங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு டெவலப்பரை 50, 30, 20 சதவீதம் என்று மூன்று திட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தால் மூன்றும் தாமதமாகும்.

குழுவின் தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்குப் போகாதீர்கள். அந்த 15 நிமிடம் குழு தனக்குள் திட்டமிட்டுக்கொள்ள; நீங்கள் நின்றால் ஒவ்வொருவரும் உங்களைப் பார்த்து ஸ்டேட்டஸ் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஸ்பிரின்ட் முடிவில் செய்ததைக் காட்டும் ஸ்பிரின்ட் ரிவ்யூவுக்குப் போங்கள், தவறாமல் போங்கள். ஓடும் மென்பொருளை அங்கே பாருங்கள். அப்புறம் வாராந்திர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டை நிறுத்திவிடலாம். ரிவ்யூவில் யாராவது "இது முடியவில்லை" என்று முதல்முறை சொல்லும்போது உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மொத்த அறையும் கவனிக்கும். டொயோட்டா தொழிற்சாலைகளில் ஆண்டன் கயிறு என்று ஒன்று உண்டு. கோளாறைப் பார்த்த தொழிலாளி அதை இழுத்தால் குழுத் தலைவர் உடனே வந்து நிற்பார். உரிய நேரத்துக்குள் சரியாகாவிட்டால் லைன் நிற்கும். இழுத்தவரைத் திட்டத் தொடங்கினால் மறுநாள் அந்தக் கயிற்றை யாரும் தொட மாட்டார்கள். "யாருடைய தவறு?" என்று கேட்கத் தோன்றும். "நான் எதை நகர்த்த வேண்டும்?" என்று கேளுங்கள்.

வெலாசிட்டியை, அதாவது ஒரு ஸ்பிரின்டில் குழு எத்தனை ஸ்டோரி பாயின்ட் முடிக்கிறது என்பதை வைத்துக் குழுக்களை ஒப்பிட வேண்டாம். ஸ்டோரி பாயின்ட் என்பது ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று மதிப்பிட ஒவ்வொரு குழுவும் தனக்காக வைத்துக்கொண்ட அளவு. அதை அப்ரைசலில் சேர்த்த காலாண்டிலேயே மூன்று பாயின்ட் வேலை எட்டு பாயின்ட் ஆகிவிடும், வேலை மட்டும் அதே வேலையாக இருக்கும். இத்தனை சதவீதம் பேருக்குத்தான் உயர்ந்த ரேட்டிங் என்று தனிநபரை வரிசைப்படுத்தும் பெல் கர்வ் இருந்தால் மனிதவளத் துறையுடன் அதையும் பேசியாக வேண்டும். பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் என் ரேட்டிங் குறையும் என்றால் யார் உதவுவார்கள்?

எல்லாவற்றையும் விடக் கடினம், உங்களுக்கும் குழுக்களுக்கும் நடுவில் இருக்கும் மேனேஜர்கள். பலர் மாற்றத்தை எதிர்ப்பதாகக் குற்றம் சாட்டப்படுகிறார்கள். உண்மையில் அவர்களிடம் "இனி உங்கள் வேலை இது" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேனேஜர் என்ற பெயர் சொந்தக்காரர்கள் முன்னாலும் வரன் பார்க்கும் இடத்திலும் என்ன எடை கொண்டது என்று நமக்குத் தெரியும். அதைப் பறிப்பது போலத் தோன்றினால் மனிதர் சும்மா இருக்க மாட்டார். நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி 2015-இல் தலைமையகத்தில் சுமார் 3,500 பேரைச் சிறு குழுக்களாக மாற்றியபோது, அவர்களைத் தங்கள் சொந்த நிறுவனத்திலேயே மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. அவர்களுக்கு அது பொருந்தியது. உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொருவருடனும் தனியாகப் பேசி, சம்பளமும் பதவி உயர்வும் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு சிலரை ப்ராடக்ட் பக்கமும், சிலரை ஆட்களை வளர்க்கும் பொறுப்புக்கும், சிலரைக் குழுக்களுக்கு இடையே உள்ள சிக்கல்களை அவிழ்க்கும் வேலைக்கும் நகர்த்தலாம்.

மேலிடத்தின் முடிவு எவ்வளவு செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் எஃப்பிஐ கதையை எம்.டி.யிடம் சொல்லுங்கள். சென்டினல் என்ற வழக்கு மேலாண்மை மென்பொருளை 2006-இல் ஒரு பெரிய ஒப்பந்தக்காரரிடம் கொடுத்தார்கள். 2010 ஆகஸ்டில் 45.1 கோடி டாலர் பட்ஜெட்டில் சுமார் 40.5 கோடி செலவாகியிருந்தது. நான்கு கட்டங்களில் இரண்டுதான் கையில் வந்திருந்தன. எஃப்பிஐ தலைமை அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. ஆட்களைச் சேர்க்கவில்லை, பெருமளவு குறைத்தது. இரண்டு வார ஸ்பிரின்டுகளுக்கு மாறியது. அப்போதும் எல்லாம் சுகமாக நடக்கவில்லை: 2011 அக்டோபரில் நிறையப் பேரை ஒன்றாக உட்காரவைத்துச் சோதித்தபோது அமைப்பு படுத்துவிட்டது, வன்பொருளை மேம்படுத்த வேண்டியிருந்தது, தேதி மறுபடி தள்ளிப்போனது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான். பயந்துபோய்ப் பழைய முறைக்குத் திரும்பாமல் தொடர்ந்தார்கள். 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு மோசமான மாதம் வரும். மூடிக் கிடந்த சிக்கல்கள் வெளியே தெரியத் தொடங்கும்போது எண்கள் சில காலம் கெட்டதாகத்தான் தெரியும் என்று எம்.டி.யிடமும் நிதித் துறையிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

120 பேரையும் ஒன்றாக நகர்த்த முடியாது என்றால் ஒரே ஒரு தயாரிப்பை எடுங்கள். ஆனால் அதற்குத் தேவைப்படும் க்யூ.ஏ. (தரச் சோதனை), டேட்டாபேஸ், ஆபரேஷன்ஸ் ஆட்களை முழு நேரமாக அந்தக் குழுவுக்குள் கொண்டுவாருங்கள். ரிலீஸ் அதிகாரத்தையும் அவர்களிடம் கொடுங்கள். பாதி கொடுத்தால் பழைய நான்கு மாதம்தான்.

கோச் விஷயம். எடுக்கலாம். ஒப்பந்தத்தைக் கையெழுத்திடும் முன் அவருடைய நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். எல்லாம் குழுக்களுக்கான பயிற்சி நாட்களாகவே இருந்தால் வேண்டாம், அதை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். வாரம் ஒருமுறை உங்களுடனும், மாதம் ஒருமுறை நிதி, விற்பனை, மனிதவளத் தலைவர்களுடனும் உட்காரச் சம்மதிக்கிறாரா, எம்.டி. முன்னால் "இதில் தடையாக இருப்பது நீங்கள்தான்" என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சான்றிதழ்களின் பட்டியலை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.