சத்திரம் போல விரிந்து கிடக்கும் படுக்கையறை

கேள்வி: கும்பகோணத்தில் மாமனார் கட்டிய கான்கிரீட் வீடு எங்களுடையது. மாடியில் டியூஷன் நடந்த கூடத்தை இப்போது எங்கள் படுக்கையறையாக மாற்றியிருக்கிறோம். தெற்கு வடக்காக 24 அடி நீளம், 16 அடி அகலம், 11 அடி உயரம். குளியலறைக் கதவு தெற்குச் சுவரில், இரண்டு சன்னல்கள் வடக்குச் சுவரில், வாசல் கிழக்குச் சுவரின் வடகோடியில். 6 அடிக்கு 6½ அடி கட்டில் ஒரு மூலையில். மூன்று இரும்பு பீரோக்கள் மூன்று சுவர்களில். வெள்ளைச் சுவர், டைல்ஸ் தரை. பேசினால் எதிரொலிக்கிறது. ஒன்றரை டன் ஏசி இருந்தும் குளிர்வதில்லை. சத்திரத்தில் படுத்திருப்பதுபோல் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் சரியாகும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. உங்களை உறுத்துவது தலைக்கு மேலே உள்ள உயரம் அல்ல, கட்டிலைச் சுற்றியுள்ள வெட்டவெளி. கூரையை ஒன்றரை அடி இறக்கினாலும் அந்த வெளி அப்படியே இருக்கும். மாடி அறைக்கு 11 அடி உயரம் கோடையில் ஒரு வரம், அதைக் காசு கொடுத்து இழக்காதீர்கள். மேல்தளத்தில் மழைநீர் கசிந்தாலும், ஜிப்சம் பலகை ஊறித் தொங்கும் வரை அது கண்ணில் படாது.

பெரிய அறையில் நாம் எல்லாரும் செய்யும் தவறு, சாமான்களைச் சுவரோரம் ஒதுக்கி நடுவைக் காலியாக விடுவது. உங்கள் அறையில் மூன்று வேலைகளுக்கு இடம் இருக்கிறது: உடுத்த, உறங்க, உட்கார. அவற்றைப் பிரித்துக் காட்டும் தடுப்பும் உங்களிடமே இருக்கிறது. அது அந்த மூன்று பீரோக்கள்தான்.

தெற்குச் சுவரிலிருந்து 4 அடி தள்ளி, மூன்றையும் ஒரே வரிசையாக, கதவுகள் குளியலறையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். 3 அடி அகல பீரோ என்றால் மூன்றும் சேர்ந்து 9 அடி. அறையின் நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 3½ அடி நடைவழி கிடைக்கும். குளித்துவிட்டு வந்து உடுத்திக்கொள்ளத் தனி இடமும் அமைந்துவிடும். பீரோக்களின் முதுகை ஒட்டிக் கட்டிலின் தலைமாடு. தெற்கே தலை, வடக்கே கால். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஆட்சேபம் இராது. கட்டிலின் இருபுறமும் பீரோ வரிசை ஒன்றரை அடி மிச்சமிருக்கும், அங்கே சிறு மேசைகள். பீரோவின் ஆழத்தையும் அதன் முதுகில் அடிக்கப்போகும் பலகையையும் சேர்த்தால் முதல் 6 அடி உடுத்தும் இடம், அடுத்த 7 அடி கட்டில், கால்மாட்டில் 3 அடி நடைவழி. மீதி 8 அடி சன்னலோரம், இரண்டு நாற்காலிக்கும் ஒரு புத்தக அலமாரிக்கும். வாசலில் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது உட்காரும் இடம், கட்டில் அதற்கு அப்பால்தான்.

இதில் கெட்டுப்போகும் வேலை பீரோவின் முதுகு. வெறும் தகட்டைப் பார்த்துக்கொண்டு யாராலும் நிம்மதியாகப் படுக்க முடியாது. 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டில் 12 மி.மீ. தடிமனில் மூன்று ஷீட் வாங்கினால் ஒவ்வொன்றிலும் ஒரு பீரோவுக்கான துண்டு கிடைக்கும். ரீப்பர் எனப்படும் 2 அங்குல மரச்சட்டங்களை மூன்று பீரோக்களுக்கும் குறுக்காக ஓடவிட்டு, அதன் மேல் பலகையை அடிக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று பிணைவதால் கதவை இழுக்கும்போது ஆடாது. ரீப்பரைப் பிடிக்க நீள ஸ்க்ரூ போடவிடாதீர்கள். தகடு மெல்லியது, முனை உள்ளே நீட்டிக்கொண்டு பட்டுப்புடவையைக் கிழித்துவிடும். உருண்டைத் தலை போல்ட்டை உள்ளிருந்து செருகி வெளியே நட் போட்டு முடுக்குவதே சரி. பிணைப்பதற்கு முன் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். தரை சற்றுச் சாய்ந்திருந்தால் பீரோக் கதவு தானாகத் திறந்துகொள்ளும், கால்களுக்கடியில் ரப்பர் தகடு கொடுத்தால் போதும். பலகை மேல் மெல்லிய பஞ்சு வைத்துத் தடித்த கைத்தறித் துணியை இழுத்து அடித்தால் அது தலைமாட்டுச் சுவராகவும் ஆகும், எதிரொலியையும் கொஞ்சம் விழுங்கும்.

உங்களுடையது கான்கிரீட் தளம் என்பதால் இதைச் சொல்கிறேன். மரச்சட்டம் போட்ட பழைய மச்சு வீட்டில் இருப்பவர்கள் பொறியாளரைக் கேட்காமல் நிறைந்த பீரோக்களை அறை நடுவில் நிறுத்த வேண்டாம். பாரம் முழுக்க ஓரிரு சட்டங்கள் மேல் இறங்கிவிடும்.

எதையும் நகர்த்துமுன் கூரையில் ஃபேன் கொக்கி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். காற்று படுப்பவரின் இடுப்புக்கு மேலே விழ வேண்டும். ஓரடி முன்னே பின்னே என்றால் கட்டில் வரிசையையே நகர்த்திக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் புதுக் கொக்கிக்குக் கான்கிரீட்டில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட வேண்டும், பிளாஸ்டிக் கட்டையை நம்பிப் ஃபேனை மாட்டக் கூடாது. இறக்கைகள் தரையிலிருந்து எட்டு, எட்டரை அடியில் சுற்றட்டும். ஃபேனோடு வரும் குட்டைக் கம்பி இந்த உயரத்துக்குப் போதாது, நீளக் கம்பி கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது வெளிச்சம். சுவர் உச்சியில் இருக்கும் டியூப்லைட் நான்கு மூலைகளையும் ஒரே அளவில் காட்டும். அதனால்தான் இரவில் அறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தேடவும் பெருக்கவும் அது இருக்கட்டும், மாலைக்கு மேல் அணைத்துவிடுங்கள். கட்டிலின் இருபுறமும் பலகையில் நாலடி உயரத்தில் ஒவ்வொரு விளக்கு, நாற்காலி அருகே ஒரு நிலைவிளக்கு. எல்லாவற்றிலும் 5 முதல் 7 வாட் எல்இடி. பல்பு அட்டையில் 2,700 அல்லது 3,000 கெல்வின் என்று இருக்க வேண்டும்; 6,500 என்று இருப்பது கடைகளுக்கான வெள்ளை. மூலைகள் இருட்டாக இருக்கட்டும். கண்ணுக்கு அறை என்பது வெளிச்சம் முடியும் இடம் வரைதான்.

கட்டில் விளக்குக்கு வரும் ஒயரைக் கவனியுங்கள். தரை மேல் கேசிங் பட்டை ஒட்டினால் இரவில் குளியலறைக்குப் போகும்போது காலைத் தடுக்கும். கிழக்குச் சுவரிலிருந்து பீரோ வரை ஒரு வரிசை டைலை வெட்டி, பிவிசி குழாயைப் புதைத்துக் கொண்டுவருவதே நல்லது. எர்த் ஒயர் கட்டாயம் வேண்டும், அதைப் பீரோவின் தகட்டோடும் இணைக்கச் சொல்லுங்கள். உறை தேய்ந்த ஒயர் இரும்பைத் தொட்டால் பீரோ முழுக்க மின்சாரம் பாயும். சுவிட்ச் வாசலில் ஒன்று, கட்டிலருகே ஒன்று என்று இருவழியாக வைத்தால் எழுந்து நடக்க வேண்டாம்.

வண்ணத்துக்கு வருவோம். கதவும் சன்னலும் முடியும் லிண்டல் மட்டம் உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் ஏழடியாகத்தான் இருக்கும். அந்த மட்டத்தில் அறையைச் சுற்றி 2 அங்குல மரப்பட்டை ஓட்டுங்கள். பட்டைக்குக் கீழே செங்கல் நிறமோ வெல்ல நிறமோ, பளபளப்பில்லாத மேட் எமல்ஷனில். மேலே சுவருக்கும் கூரைக்கும் ஒரே இளம் சந்தன நிறம். கண் அந்தப் பட்டையிலேயே நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. நீளத்தைச் சுருக்க, வடக்கு, தெற்குக் குட்டைச் சுவர்கள் இரண்டையும் மற்றவற்றைவிட ஒரு படி அடர்த்தியாக்குங்கள். அடர்ந்த சூடான நிறம் சுவரை அருகே இழுத்துவரும். சுவரில் 2 அடிக்கு 2 அடி அடித்து, பகலில் ஒருமுறையும் இரவில் புது விளக்கொளியில் ஒருமுறையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கடையில் காட்டும் வண்ண அட்டையை நம்பி முடிவெடுத்தால், நான்கு சுவருக்கும் பரவும்போது நினைத்ததைவிட அழுத்தமாக வந்து நிற்கும்.

சன்னல் திரைக் கம்பியைக் கூரையோரம் ஏற்றச் சொல்வதும், பெரிய கண்ணாடி மாட்டச் சொல்வதும் சின்ன அறைக்கான யோசனைகள். உங்களுக்கு எல்லாமே தலைகீழ். கம்பி லிண்டலிலேயே இருக்கட்டும், கண்ணாடி உடுத்தும் இடத்தில் மட்டும் போதும்.

எதிரொலிக்கு மருந்து துணிதான். கட்டிலுக்கடியில் 10 அடிக்கு 6 அடி பவானி ஜமுக்காளம் ஒன்றைக் குறுக்காக விரியுங்கள். தலைமாட்டிலிருந்து 2 அடி விட்டுத் தொடங்கினால் இரு பக்கமும் 2 அடி நீட்டியிருக்கும், எழுந்ததும் கால் சில்லென்ற டைலில் படாது. டைலில் வழுக்கும் என்பதால் அடியில் ரப்பர் வலை அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை தூக்கி உதறிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் கீழே பூசணம் பூக்கும். நாற்காலிகளுக்கு நடுவே இன்னொன்று. காலி இடத்தை நிரப்பப் பூச்சாடியும் பொம்மையுமாகச் சின்னச் சின்னதாக வாங்காதீர்கள், அவற்றின் பக்கத்தில் அறை இன்னும் பெரிதாகவே தெரியும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் பீரோவையும் கட்டிலையும் மட்டும் நகர்த்தி ஒரு வாரம் படுத்துப் பாருங்கள். பிடித்தால் பிணைப்பும் பலகையும், பிறகு ஒயரிங், அதன் பிறகு பெயின்ட், கடைசியில் துணி.

ஏசிக்காகக் கால்மாட்டு நடைவழி முடியும் 16 அடிக் கோட்டில், கூரையில் டிராக் போட்டு ஒரு தடித்த திரை தொங்கவிடலாம். ஏசி கட்டில் பக்கத்தில் இருந்தால்தான் இதனால் பயன். குளிர வேண்டிய பரப்பு 384 சதுர அடியிலிருந்து 256 ஆகும். சித்திரை வெயிலில் ஒன்றரை டன் அதற்கும் திணறலாம், மற்ற மாதங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். சுருக்கம் அழகாக விழ டிராக்கைப்போல இரு மடங்கு துணி வேண்டும். 48 அங்குல அகலத் துணியில் எட்டு பாகம், ஒவ்வொன்றும் மடிப்போடு சேர்த்து 3.6 மீட்டர், ஆக 29 மீட்டர். பருத்தி என்றால் சுருங்குவதற்காக இரண்டு மீட்டர் கூடுதலாக எடுத்து, தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தரையோடு நழுவும். ஆகவே திரையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.